மூன்று நாள் தலைமைப் பயிற்சி: அரை நாளுக்கு மட்டும் முழு மார்க்

பணியில் இருந்தபோது இதை எழுதியிருக்க முடியாது. இப்போது ஓய்வு பெற்றாயிற்று, யாருக்கும் சல்யூட் அடிக்க வேண்டியதில்லை. 2024-ல் பாளையங்கோட்டையில் ஒரு மண்டபத்தில், திருநெல்வேலி மாநகரக் காவலில் மேற்பார்வைப் பொறுப்பில் இருந்த எங்களுக்கு மூன்று நாள் தலைமைப் பயிற்சி நடந்தது. நடத்தியது வெளியூரிலிருந்து வந்த ஒரு தனியார் நிறுவனம், பெயர் வேண்டாம். எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு உதவி ஆய்வாளர்), எஸ்.ஐ. எல்லாம் சேர்த்து நாற்பது பேர் இருந்திருப்போம்.

இப்படி ஒரு பயிற்சி தேவையா என்றால், கட்டாயம் தேவை. நான் 1989-ல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவன். எங்கள் காலத்துக் கணக்கு 10, 5, 10. பத்து வருடத்தில் முதல் நிலை, அப்புறம் ஐந்தில் ஏட்டு, அதற்கப்புறம் பத்தில் எஸ்.எஸ்.ஐ. 2014-ல் தோளில் நட்சத்திரம் ஏறியது. முந்தின நாள் வரை டூட்டி பார்த்தவன், மறுநாள் டூட்டி போடுகிறவன். நடுவில் யாரும் உட்கார வைத்து, ஆளை வேலை வாங்குவது எப்படி என்று சொல்லித் தரவில்லை. நமக்கு மேலே இருந்தவர் எப்படி ஏசினாரோ அப்படியே நாமும் ஏசுவோம், அவ்வளவுதான் பாடம்.

சரி, பயிற்சிக்கு வருவோம். முதல் நாளை ஒரே வரியில் முடித்துவிடலாம்: கோட்டு போட்ட தம்பி ஒருவர், கம்பெனிகளில் விற்பனைக் குழுவை எப்படி ஊக்கப்படுத்துவது என்று படம் போட்டுக் காட்டினார். பலூன் ஊதச் சொன்னார். ஐம்பது வயதுக்கு மேல், இரவு ரோந்து முடித்து வந்தவனை பலூன் ஊதச் சொன்னால் என்ன ஆகும்? பக்கத்தில் இருந்த அண்ணாச்சி ஊதிக்கொண்டே தூங்கிவிட்டார். ஜூலை 1-ல்தான் புதுக் குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்திருந்தன. பழைய பிரிவு எண்ணை எழுதி அடித்துத் திருத்திக்கொண்டிருந்த நேரம். அதற்கு ஒரு வகுப்பு எடுத்திருந்தால்கூடக் கும்பிட்டிருப்போம்.

கூட்டத்தைக் கையாளும் வகுப்பில் எனக்குக் கோபமே வந்தது. வெளிநாட்டுக் கால்பந்து மைதானத்து வீடியோ போட்டார்கள். இதே ஊரில் கொக்கிரகுளத்தில், 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக வந்த ஊர்வலத்தில் தடியடி நடந்து, 17 உயிர்கள் தாமிரபரணியில் போயின. இந்த ஊரில் கூட்டத்தைப் பற்றி வகுப்பெடுக்கிறவர் அந்த ஆற்றங்கரையை விட்டுவிட்டு எங்கே போகிறார்? ஒரு பக்கம் ஆறு இருக்கும்போது கூட்டத்துக்கு எந்த வழியைத் திறந்துவிட வேண்டும் என்பதை நாங்கள்தானே படிக்க வேண்டும்? தேநீர் இடைவேளையில் கேட்டேன். தம்பி ‘நோட் பண்ணிக்கிறேன் சார்’ என்றார்.

இரண்டாம் நாள் மதியம் சொதிச் சாப்பாடு. இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு சிப்ஸ் எல்லாம் முறையாக இருந்தது. தேங்காய்ப்பாலில் குறை வைக்கவில்லை. ஆனால் சொதி சாப்பிட்ட பிறகு வகுப்பு வைக்கலாமா? திருநெல்வேலிக்காரர் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

மூன்றாம் நாள் காலையில்தான் விஷயம் இருந்தது. ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். படமும் இல்லை, பலூனும் இல்லை. ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து, “ஆனித் தேரோட்டம். உங்களுக்குப் பன்னிரண்டு பேரு. டூட்டி போடுங்க” என்றார். கீழ ரத வீதி, வாகையடி முக்கு, சந்திப் பிள்ளையார் முக்கு என்று எல்லோரும் விறுவிறுவென எழுதிக் கொடுத்தோம். நெல்லையப்பர் கோயில் தேர் அஞ்சும் வரிசையாக வருவதை வருடக்கணக்காகப் பார்த்தவர்கள், எங்களுக்கா தெரியாது?

அவர் தாள்களைப் புரட்டிவிட்டு என்னை எழுப்பினார். “பொம்பளப் போலீஸ் ரெண்டு பேரை முக்குல நிறுத்தியிருக்கீரு. காலையில அஞ்சு மணிக்குப் போனா தேர் நிலைக்கு வாற வரைக்கும் நிக்கணும். ஒதுங்க எங்கவே போவாங்க?”

எனக்குப் பதில் இல்லை. நாற்பது தாளில் இரண்டில் மட்டும் அது யோசிக்கப்பட்டிருந்தது. இரண்டையும் எழுதியவர்கள் பெண் எஸ்.ஐ.க்கள். முப்பத்தைந்து வருடம் பந்தோபஸ்து பார்த்த எனக்கு, தண்ணீர் குடித்தால் ஒதுங்க வேண்டி வரும் என்று குடிக்காமலேயே நிற்கிற பிள்ளைகள் கண்ணில் பட்டதே இல்லை. அப்புறம் யாருக்கு மாற்று ஆள், எத்தனை மணிக்கு, சாப்பாட்டுப் பொட்டலம் எந்த முக்குவரை போய்ச் சேரும் என்று ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் போட்டார். இரண்டு மணி நேரம் யாரும் போனை எடுக்கவில்லை.

அடுத்து 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பேச்சில் இழுத்தார். ஜங்ஷன் பக்கம் தண்ணீர் ஏறிய அந்த இரவில் வயர்லெஸ் மைக்கில் பதில் வராதபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டார். ஒரு எஸ்.எஸ்.ஐ. தயங்கித் தயங்கி எழுந்தார். அந்த வழியாக வந்த லாரி ஒன்றை நிறுத்தி, வயசாளிகளை ஏற்றி மேட்டுப் பக்கம் கொண்டுபோய் விட்டாராம். நிற்கச் சொன்ன பாயிண்டை விட்டுப் போனதற்கு விளக்கம் கேட்டு மெமோ வருமோ என்று பல நாள் பயந்துகொண்டிருந்தாராம். இன்ஸ்பெக்டர் அவரைப் பாராட்டிப் பேசவில்லை. “அன்னைக்கு ராத்திரி ஜி.டி.யில என்ன எழுதியிருக்கணும்னு இப்ப எழுதும்” என்று பேனாவைக் கொடுத்தார். ஜி.டி. என்றால் ஸ்டேஷனில் எழுதும் பொது நாட்குறிப்பு. எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர், மைக்கில் எத்தனை தடவை கூப்பிட்டது, ஏன் காத்திருக்க முடியவில்லை, யாரை எங்கே இறக்கியது. எட்டு வரி. ‘இந்த எட்டு வரி இருந்தால் மெமோ வந்தாலும் பதில் இருக்கிறது, இல்லாவிட்டால் அடுத்த வெள்ளத்தில் உம்மோடு சேர்ந்து, உம்மைப் பார்த்த பத்துப் பேரும் ஆர்டருக்காக நிற்பார்கள்’ என்றார். அதற்குப் பிறகு நான் பணியில் இருந்த கடைசி மாதங்களில் அந்த எட்டு வரியை என்கீழ் இருந்த எல்லோருக்கும் எழுதப் பழக்கினேன்.

அவருக்குக் கொடுத்தது அரை நாள். பலூனுக்கு ஒரு நாள். இந்தக் கணக்கைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இதே பயிற்சி உங்கள் ஊருக்கு வந்தால், முதல் இரண்டு நாளை வெட்டிவிட்டு, உள்ளூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரை இரண்டு நாள் முழுக்கப் பேசவிடச் சொல்லுங்கள். குறிப்புப் புத்தகம் வழுவழுப்பான தாளில் இருந்தது, பேனா வைத்து எழுத முடியவில்லை. கொடுத்த பை மட்டும் நல்ல பை. அதில்தான் இப்போது ரேஷன் அரிசி வாங்கி வருகிறேன், ஜிப் இன்னும் போகவில்லை.