சிகரெட்டிலிருந்து மின்சிகரெட்: 14 மாதக் குறிப்பு நோட்டு

19 வருடம் சிகரெட் பிடித்தவன் நான். ஒரு நாளைக்கு எத்தனை என்று யார் கேட்டாலும் "பத்து" என்பேன். மின்சிகரெட்டுக்கு மாறுவதற்கு முந்தைய வாரம் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சிகரெட்டையும் பற்றவைக்கும்போதே குறித்தேன். முதல் நாளே 16. நான் பொய் சொல்லி வந்தேன் என்றில்லை, மனசு ரவுண்டாகத்தான் கணக்கு வைத்துக்கொள்கிறது. அதனால் மாறப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கருவியை வாங்குவதற்கு முன்னால் நோட்டை எடுங்கள்.

நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், இவ்வளவுதான் எழுதினேன். கூடவே, காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்பதையும். நிக்கோட்டின் பிடிமானத்தை அளக்கும் ஃபாகர்ஸ்ட்ராம் கேள்வித்தாளில் உள்ள 6 கேள்விகளில் இதுவும் ஒன்று. 5 நிமிடத்துக்குள் என்றால் முழு 3 மதிப்பெண். எனக்கு அப்போது 10 நிமிடம்.

முதல் இரண்டு வாரம் கஷ்டம்தான். சிகரெட்டை இழுக்கிற மாதிரியே வேகமாக, குட்டியாக இழுத்தேன். மின்சிகரெட்டில் 'காயில்' என்கிற கம்பிச்சுருள் சூடாகி, பஞ்சில் ஊறிய திரவம் ஆவியாக வேண்டும், அதற்கு 3, 4 விநாடி நிதானமான இழுப்பு தேவை. அடுத்தடுத்து இழுத்தால் பஞ்சு காய்ந்து கருகல் வாடை அடிக்கும். தொண்டை வறட்சி, இருமல் வேறு. சிகரெட் புகையில் நிக்கோட்டின் 10 முதல் 20 விநாடிக்குள் மூளைக்குப் போய்விடும். நான் ஆரம்பித்த 6 மி.கி. திரவம் (ஒரு மில்லிலிட்டரில் அவ்வளவு நிக்கோட்டின்) அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அந்த நாட்களில் சிகரெட் 18 ஆனது. ஆலோசகரிடம் பேசி 18 மி.கி.க்குப் போன பிறகுதான் எண்ணிக்கை இறங்கியது.

அப்புறம் நோட்டே குழம்பிப்போனது. சிகரெட்டுக்கு முடிவு என்று ஒன்று உண்டு, அணைத்துவிட்டு வேலைக்குத் திரும்புவோம். இதற்கு அது கிடையாது. மூன்றாவது வாரத்துப் பக்கம் ஒன்று இப்படி இருக்கிறது: "11.10 – 3 இழுப்பு. 11.25 – 2. 11.40 – ?" அந்தக் கேள்விக்குறிக்குப் பிறகு அன்றைக்கு ஒன்றுமே எழுதவில்லை. இழுப்பை எண்ணுவதை விட்டுவிட்டு, ஞாயிறுதோறும் திரவ பாட்டிலில் பேனாவால் கோடு போட ஆரம்பித்தேன். வாரத்துக்கு எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் நம்பக்கூடிய கணக்கு.

இரண்டாவது மாதத்திலிருந்து ஐந்தாவது மாதம் வரை சிகரெட் 4-இலேயே நின்றது. 16 எங்கே, 4 எங்கே என்று சந்தோஷப்பட்டேன். அது தப்பு. இதயத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2018-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, நாளுக்கு 20 பிடிப்பவருக்குக் கூடுகிற இதயநோய் ஆபத்தில் கிட்டத்தட்ட பாதி, நாளுக்கு ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் வருகிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த நாலையும் நோட்டில் தேடினேன். மூன்று, கருவியில் சார்ஜ் தீர்ந்த நேரம். ஒன்று, காலை முதல் சிகரெட். சரி என்று படுக்கைக்குப் பக்கத்திலேயே சார்ஜர் வைத்தேன். ஏழாவது மாதம் கடைசி சிகரெட்.

பலன் உண்மையானது. கிளினிக்கில் குழாயில் ஊதிப் பார்த்தபோது மூச்சில் கார்பன் மோனாக்சைடு, பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கில், முன்பு 22, இப்போது 3. எரிவது இல்லை என்பதால் வந்த மாற்றம் இது. ஆனால் வெறும் நீராவியைத்தான் இழுக்கிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். திரவத்தில் உள்ள புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருட்கள் எல்லாம் நுரையீரலுக்குள் போகின்றன. அதிகச் சூட்டில் ஃபார்மால்டிஹைடும் உண்டாகும். சிகரெட்டே பிடிக்காதவர் இதைத் தொடவே வேண்டாம்.

என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் 2019-இல் வந்த 886 பேர் ஆய்வில், ஒரு வருடம் கழித்து மின்சிகரெட் குழுவில் 18 சதவீதம் பேர் புகையை விட்டிருந்தார்கள். நிக்கோட்டின் பேட்ச், சூயிங்கம் போன்றவற்றைப் பயன்படுத்திய குழுவில் 9.9 சதவீதம். ஆனால் அப்படி விட்ட மின்சிகரெட் குழுவினரில் 80 சதவீதம் பேர் கையில் கருவி அப்படியே இருந்தது. நானும் அந்த 80-இல் ஒருவன்.

காலை சிகரெட்டை ஒழித்த அதே படுக்கையோர சார்ஜர் புதுப் பழக்கத்தையும் கொடுத்துவிட்டது. ராத்திரி மூன்று மணிக்கு விழித்தால் கை தானாகப் போகும். எழுந்ததும் முதல் இழுப்பு 2 நிமிடத்தில், அதாவது சிகரெட் காலத்தைவிட மோசம். 12 மி.கி.க்கு இறக்கியதும் இரண்டு வாரம் பாட்டில் வேகமாகக் காலியானது, பிறகு அடங்கியது. போன மாதம் சார்ஜரை வாசல் பக்கம் மாற்றினேன். இந்த வாரம் எழுந்ததிலிருந்து முதல் இழுப்பு வரை நோட்டில் உள்ளது: 25, 30, 30, 20, 35, 40, 40 நிமிடம்.