கோட்டைப் பகுதி நாணயக் கடையில் அப்பாவின் அமெரிக்க டாலர்கள்

சரக்குக் கப்பலில் வேலை பார்த்த என் தந்தையார் ஒரு பவுடர் டப்பாவில் 11 அமெரிக்க நாணயங்களை விட்டுச் சென்றிருந்தார். அவை என்ன, என்ன பெறும் என்று அறிவதற்காக, மும்பை கோட்டைப் பகுதியில் பழைய கட்டடம் ஒன்றின் முதல் மாடியில் இருக்கும் ஒரு சிறிய நாணயக் கடைக்கு அம்மாவுடன் இரண்டு முறை போய்வந்தேன். மதிப்பீட்டுக் கட்டணம் நாணயத்துக்கு 100 ரூபாய். விற்றாலும் விற்காவிட்டாலும் அதே கட்டணம் என்பதை உட்காரும்போதே சொல்லிவிடுகிறார்கள்.

விலையைச் சொல்வதற்கு முன்பே அந்த விலை எப்படி வருகிறது என்பதைக் கண்ணெதிரே செய்து காட்டுவதற்காகவே இந்தக் கடையைப் பரிந்துரைக்கிறேன். முதலில் தராசு. மார்கன் டாலர் என்னும் பழைய அமெரிக்க வெள்ளி நாணயத்தின் எடை 26.73 கிராம், அதில் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது ஏறக்குறைய 24 கிராம், தூய வெள்ளி. அதை அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் வருவதே அடிமட்ட மதிப்பு. அதற்கு மேல் கிடைப்பதை ஆண்டும், நாணயசாலைக் குறியும், தேய்மானமும் தீர்மானிக்கின்றன. நாணயத்தின் பின்பக்கத்தில் பொறித்த இலைமாலையின் முடிச்சுக்குக் கீழே லென்ஸால் பார்க்கச் சொன்னார் கடைக்காரர்: ‘எஸ்’ என்றால் சான் பிரான்சிஸ்கோ, ‘சிசி’ என்றால் கார்சன் சிட்டி, எதுவும் இல்லையென்றால் பிலடெல்பியா. எங்களுடையது குறியில்லாத 1921. நான்கு கோடிக்கு மேல் அச்சான, எளிதில் கிடைக்கும் நாணயம் அது. 1893இல் சான் பிரான்சிஸ்கோவில் அச்சானதோ ஒரு லட்சம்தான்.

1904க்குப் பிறகு நின்றுபோன மார்கன் டாலர் 1921இல் ஏன் திரும்பவும் அச்சாயிற்று என்று கேட்டேன். முதல் உலகப் போரில் இந்தியாவில் ரூபாய் அச்சடிக்க வெள்ளி போதாமல் போனபோது, 1918ஆம் ஆண்டின் பிட்மேன் சட்டத்தின்படி அமெரிக்கா 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கி, பெரும்பகுதியைப் பிரிட்டனுக்கு விற்றது. இந்தியாவுக்காகவே அந்த வெள்ளி வாங்கப்பட்டது. உருக்கியதற்கு ஈடாகப் புதிய டாலர்களை அச்சடிக்க வேண்டும் என்றும் அதே சட்டம் விதித்தது. மும்பை நாணயசாலை அந்தக் கடையிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. அப்பாவின் டாலரைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கேட்டது எனக்கு மறக்கமுடியாத அனுபவம்.

அடுத்து வந்த 1873ஆம் ஆண்டு ‘டிரேட் டாலர்’ சீன வணிகத்துக்காக அச்சடிக்கப்பட்ட வகை. தன் எடை 420 கிரெயின் என்று அந்த நாணயமே தன்மேல் பொறித்துக்கொண்டிருக்கிறது, அது 27.22 கிராம். எங்களுடையது தராசில் 22 கிராமைக்கூடத் தொடவில்லை. போலி. அதற்குக் கட்டணம் வாங்க அவர் மறுத்துவிட்டார். அரை டாலர்கள் இரண்டும் கென்னடி உருவம் பொறித்தவையே என்றாலும், 1964ஆம் ஆண்டினது 90 விழுக்காடு வெள்ளி, 1967ஆம் ஆண்டினது 40 விழுக்காடு. 1943ஆம் ஆண்டுச் சென்ட் காந்தத்தில் ஒட்டியதும் அம்மா அதையும் போலி என்று நினைத்துவிட்டார். போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அவ்வாண்டுச் சென்ட் துத்தநாகம் பூசிய எஃகில் அச்சானது, ஒட்டுவதுதான் முறை.

எங்கள் இழப்பு வேறிடத்தில் இருந்தது. குத்துவிளக்கோடு சேர்த்து 1921 டாலரையும் அம்மா விபூதி போட்டுத் துலக்கியிருந்தார். விளக்கொளியில் சாய்த்தபோது பரப்பெங்கும் மயிரிழைக் கீறல்கள் தெரிந்தன. சேகரிப்பவர்கள் தரும் கூடுதல் விலை அத்தோடு போயிற்று, வெள்ளி விலைதான் மிச்சம். இதை அம்மாவின் மனம் நோகாமல் அவர் எடுத்துச் சொன்ன விதம் எனக்கு மிகவும் பிடித்தது. கறுத்த நாணயத்தைக் கறுத்தபடியே கொண்டுபோங்கள். விளிம்பைப் பிடித்தே எடுங்கள்.

நூறாண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் ஆகிவிடுவதால், தரச்சான்றுக்காகத் தனிநபர் அதை அமெரிக்காவுக்கு அனுப்ப முடியாது என்பதையும் கேட்காமலே தெளிவுபடுத்தினார்.

குறை ஒன்று உண்டு, அது சிறியதன்று. வாயால் இவ்வளவு விளக்குபவர் தரும் சீட்டில் நாணயத்தின் பெயரும் ஒரு தொகையும் மட்டுமே இருக்கின்றன. எடையும் தேய்மான நிலையும் இல்லாத சீட்டை இன்னொரு வணிகரிடம் காட்டிப் பயனில்லை. உடன்பிறந்தோருக்குள் பங்கு பிரிக்கவும் அது போதாது. இரண்டாம் முறை போய் வற்புறுத்திக் கேட்டபோது சீட்டின் பின்புறம் எல்லாவற்றையும் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். முதல் முறையே கேட்டு வாங்கிவிடுங்கள்.