யார்க்‌ஷயர் டேல்ஸில் விடுமுறை வீடு: ஊருக்குள்ளா, பண்ணையிலா?

பள்ளிப் பருவத்தின் நடுவே அக்டோபர் கடைசியில் வரும் ஹாஃப் டெர்ம் விடுமுறைக்கு, மதுரையிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் வட இங்கிலாந்தின் பள்ளத்தாக்குப் பகுதியான யார்க்‌ஷயர் டேல்ஸில் தங்க வீடு தேடினோம். பட்டியலில் கடைசியாக நின்றவை இரண்டு. ஒன்று, கிராசிங்டன் ஊருக்குள் வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய கல்வீடு. மற்றது, மால்ஹம் பக்கத்துப் பண்ணையில் பழைய மாட்டுக்கொட்டிலைப் புதுப்பித்துக் கட்டிய வீடு. இந்த மாதிரிப் பண்ணை வீட்டில் முன்பு ஒருமுறை, இதே பருவத்தில் தங்கியிருக்கிறோம். இந்த முறை ஊர் வீட்டையே எடுத்தோம்.

அழகைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 1954 முதல் இது தேசியப் பூங்கா. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுண்ணாம்புக்கல் மதில்களும் செம்மறி ஆடுகளும்தான். மால்ஹமில் சுமார் 80 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறை உண்டு, கிராசிங்டனிலிருந்து வார்ஃப் ஆற்றின் லின்டன் அருவிக்கு நடந்தே போகலாம். பள்ளி விடுமுறை வந்தால் வாடகை இரண்டு இடத்திலும்தான் ஏறுகிறது.

முடிவு செய்ய வைத்தது ஒரே விஷயம்: வீட்டுக்குள் சூடு. அக்டோபர் கடைசி ஞாயிறு, குளிர்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்ததுமே அங்கே ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். அதற்கு மேல் எல்லோரும் வீட்டுக்குள்தான். மழை பிடித்தால் பகலிலும் அப்படித்தான்.

டேல்ஸின் பழைய கொட்டில்களில் அந்தக் காலத்தில் குளிர்காலம் முழுக்க மாடுகள் கீழே நிற்கும், அவற்றுக்கான காய்ந்த புல் மேலே இருக்கும். அதை வீடாக்கும்போது பல இடங்களில் கூரை வரை திறந்தே விடுகிறார்கள். படத்தில் பிரமாதமாக இருக்கும். ஆனால் சூடான காற்று மேலே போய் உத்தரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும், சோபாவில் உட்கார்ந்தவர் கால் சில்லிட்டுக் கிடக்கும். நான்கு பக்கமும் வெளிச்சுவர் வேறு. தடித்த கல்சுவர் ஒருமுறை ஆறிப்போனால் திரும்பச் சூடேற ஒரு நாள் கூட ஆகும். தரைக்கு அடியில் ஹீட்டிங் போட்டிருந்தால் நிலைமை வேறு, அதையும் முந்தின நாளே ஓடவிட்டிருக்க வேண்டும்.

ஒதுக்குப்புறப் பண்ணைகளுக்குப் பெரும்பாலும் குழாய் எரிவாயு வராது. எண்ணெய் பாய்லர், இல்லாவிட்டால் ஸ்டோரேஜ் ஹீட்டர். ஸ்டோரேஜ் ஹீட்டர் இரவு நேர மலிவு மின்சாரத்தில் உள்ளிருக்கும் கற்களைச் சூடாக்கி வைத்துக்கொண்டு மறுநாள் பகலில் விடும். சாயங்காலம் நமக்குச் சூடு தேவைப்படும்போது அது ஓய்ந்துபோயிருக்கும். முந்தைய விருந்தாளிகள் போகும்போது அணைத்திருந்தால், மாலை நான்கு மணிக்குச் சாவி வாங்கி உள்ளே நுழையும் நமக்கு மறுநாள் காலை வரை அதனால் பயனில்லை. நாங்கள் தங்கிய பண்ணை வீட்டில் முதல் இரவு அப்படித்தான் போனது. விறகு அடுப்பு இருந்தது, ஒரு கூடை விறகும் வைத்திருந்தார்கள். அது அந்த ஒரு அறையைத்தான் சூடாக்கியது. அம்மா கம்பளியும் குல்லாவுமாகப் படுத்தார்.

ஊர் வீட்டுக்கு இரண்டு பக்கமும் பக்கத்து வீடுகள், அதனால் சூடு ஓடிப்போகும் சுவர் இரண்டுதான். அறைகள் சின்னவை, கூரை தாழ்வு, கதவைச் சாத்தினால் ரேடியேட்டர் சூடு உள்ளேயே நிற்கும். நனைந்த காலுறைகளை ரேடியேட்டர் மேல் போட்டால் காலையில் மொரமொரவென்று காய்ந்திருந்தன. அப்பாவே ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். எங்களுக்கு அது போதும்.

எதை எடுத்தாலும் பணம் கட்டும் முன் உரிமையாளரிடம் கேளுங்கள்: ஹீட்டிங் எதில் ஓடுகிறது, நாம் வரும் நாளில் யார் போட்டு வைப்பார்கள், தெர்மோஸ்டாட்டை நாமே கூட்டலாமா, செலவு வாடகையில் அடங்குமா? “நல்ல கதகதப்பாக இருக்கும்” என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். அப்புறம், அடுப்பு இன்டக்‌ஷனா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரண அலுமினியக் குக்கர் அதில் வேலை செய்யாது.

ஊர் வீட்டில் குறை இல்லாமல் இல்லை. படிக்கட்டு செங்குத்து, படி ஒவ்வொன்றும் ஒடுக்கம். அப்பா கைப்பிடியை விடாமல்தான் ஏறினார். வாசலில் கார் நிறுத்த இடமில்லை, சாமான்களைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். பண்ணை வீட்டிலோ கார் கதவருகே வரும், படுக்கையறை தரைத்தளத்திலேயே இருந்தது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதுவே முதல் கேள்வியாகலாம்.

ஜூலை, ஆகஸ்டில் இரண்டிலுமே நாங்கள் தங்கியதில்லை. குளிர்ப் பிரச்சினை இல்லாத அந்த மாதங்களில், குழந்தைகள் ஓடியாட இடமுள்ள பண்ணைதான் மேல் என்று தோன்றுகிறது. அக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை என்றால் நான் ஊருக்குள்தான் வீடு பார்ப்பேன்.