ஸ்கேல் மாற்ற மியூஸ்ஸ்கோர்: சேலம் மெல்லிசைக் குழுவில் பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

சேலத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். ஊதுகருவிக்காரர்களுக்கு நோட்ஸ் எழுதிக் கொடுப்பதும் என் பொறுப்புதான். டிரம்பெட், கிளாரினெட், ஆல்ட்டோ சாக்ஸபோன் மூன்றும் எங்களிடம் உண்டு. வாசிப்பவர்கள் பேண்டு வாத்தியத்திலிருந்து வந்தவர்கள், தாளைப் பார்த்து வாசித்துப் பழகியவர்கள். பாடகர் கட்டையை, அதாவது பாடும் சுருதியை, மாற்றினால் கிதார்காரர் கேப்போவை (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) நகர்த்திக்கொள்வார், எனக்குக் கீபோர்டில் ஒரு பொத்தான் போதும். இவர்களுக்கு மட்டும் புதுத் தாள் வேண்டும். அந்தத் தாளுக்காகத்தான் மியூஸ்ஸ்கோர் என்ற நோட்ஸ் எழுதும் மென்பொருளைப் பிடித்தேன். 2015-இல் வந்த இரண்டாம் பதிப்பில் தொடங்கி, இப்போது நான்காம் பதிப்பில் இருக்கிறேன்.

ஊதுகருவிக்கு ஏன் தனித்தாள் என்று கேட்பவர்களுக்காக ஒரு விளக்கம். கிளாரினெட்டும் டிரம்பெட்டும் பொதுவாக பி ஃபிளாட் கருவிகள். தாளில் சி என்று இருப்பதை அவர்கள் வாசித்தால் நம் காதில் விழுவது பி ஃபிளாட் (ஃபிளாட் என்றால் அரை ஸ்வரம் கீழே, ஷார்ப் என்றால் அரை ஸ்வரம் மேலே). ஆல்ட்டோ சாக்ஸில் அதே சி, இ ஃபிளாட்டாக ஒலிக்கும். ஆகவே கீபோர்டில் கேட்பது அவர்களிடமும் கேட்க வேண்டுமானால் பி ஃபிளாட் கருவிக்கு இரண்டு அரை ஸ்வரம் (கீபோர்டில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டம் ஒரு அரை ஸ்வரம்) ஏற்றியும், ஆல்ட்டோவுக்கு ஒன்பது அரை ஸ்வரம் ஏற்றியும் எழுத வேண்டும். நம் சங்கீதத்தில் சரிகமபதநி எழுதி வைத்துவிட்டால் ஒரு கட்டையில் பாடினாலும் ஐந்தில் பாடினாலும் அதே எழுத்துதான், ஆதார சட்ஜம் மட்டும் நகரும். ஐந்து கோட்டுத் தாளில் அந்த வசதி கிடையாது. கட்டை மாறினால் எல்லாக் கருவியின் தாளும் மாறும்.

மியூஸ்ஸ்கோரில் எனக்கு அதிகம் உதவுவது ‘கான்சர்ட் பிட்ச்’ பொத்தான். நான்காம் பதிப்பில் அது திரையின் அடிப்பட்டையில் இருக்கிறது. அதைப் போட்டால் எல்லாப் பகுதியும் காதில் கேட்கிற ஸ்வரத்திலேயே தெரியும். எடுத்துவிட்டால் அவரவர் வாசிக்க வேண்டியபடி மாறிவிடும். போட்டு வைத்துக்கொண்டு எழுதுவேன், ஹார்மனி சரியா என்று பார்ப்பேன், எடுத்துவிட்டுப் பிரிண்ட் போடுவேன். கையால் எழுதிய காலத்தில் ஒரு பாட்டுக்கு ஒரு சாயங்காலம் போகும். இப்போது அந்த நேரம் முழுக்க எந்த ஸ்கேல் நல்லது என்று யோசிப்பதற்கே கிடைக்கிறது. யோசிக்க வேண்டியதும் அங்கேதான்.

ஒரு பாட்டை வைத்துச் சொல்கிறேன். பெண் குரலுக்கான மெலடி, மூலத்தில் எஃப் மேஜர், அதாவது நாலு கட்டை. எங்கள் பாடகிக்கு அது உச்சத்தில் இறுக்கமாக இருந்தது. “அண்ணா, ரெண்டுக்கு இறக்கிடுங்களேன்” என்றார். ரெண்டு கட்டை என்றால் டி மேஜர். கீபோர்டுக்கு இரண்டு ஷார்ப், கிதாருக்கோ கொண்டாட்டம். ஆனால் பி ஃபிளாட் கருவிகளுக்கு அது இ மேஜராகிறது, நாலு ஷார்ப். ஆல்ட்டோவுக்கு பி மேஜர், ஐந்து ஷார்ப். தாளை வாங்கிப் பார்த்த எங்கள் சாக்ஸ்காரர், வயதில் பெரியவர், “தம்பி, வாசிச்சிடலாம், ஆனா இந்த ஓட்டத்துல விரல் பின்னிக்கும். அரைக் கட்டை ஏத்திப் பாருப்பா” என்றார்.

இரண்டரைக் கட்டைக்கு மாற்றினேன். இப்போது பாட்டு இ ஃபிளாட் மேஜர். டிரம்பெட்டும் கிளாரினெட்டும் எஃப் மேஜரில் வாசிக்கிறார்கள், ஒரே ஒரு ஃபிளாட். ஆல்ட்டோவுக்கு சி மேஜர், ஷார்ப்பும் இல்லை, ஃபிளாட்டும் இல்லை. கிதார்காரர் முதல் ஃபிரெட்டில் கேப்போ போட்டு டி ஸ்கேல் பிடியையே பிடித்தார். பாடகிக்கு அந்த அரைக் கட்டை சிரமமாகவே இல்லை. முக்கியமாக, இடையிசையில் அந்த ஓட்டம் அன்றுதான் முதல்முறையாகச் சுத்தமாக விழுந்தது. அரை ஸ்வர வித்தியாசத்தில் ஒரு குழுவின் ஒலியே மாறியதைக் கேட்ட பிறகு, பாடகர் சொல்லும் கட்டையோடு அதற்கு மேலே அரை, கீழே அரை என்று மூன்றையும் போட்டுப் பார்க்காமல் நான் எதையும் முடிவு செய்வதில்லை. மென்பொருளில் அது சில நொடி வேலை.

இடம் மாற்றும்போது ஸ்வரம் கருவியின் எல்லையைத் தாண்டினால் மியூஸ்ஸ்கோர் அந்த ஸ்வரத்தின் நிறத்தை மாற்றிக் காட்டும். பழகுநருக்குக் கடினமான எல்லை என்றால் அழுக்கு மஞ்சள், கருவியிலேயே வராது என்றால் சிவப்பு. எஃப்பிலிருந்து இறக்கியபோது ஆல்ட்டோவின் அடி பி ஃபிளாட்டுக்குக் கீழே ஒரு ஸ்வரம் போய்ச் சிவந்து நின்றது. அந்த வரியைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோலோடு மேல் அம்புக்குறியை அழுத்தினால் ஒரு ஸ்தாயி மேலே போய்விடும். நல்ல வசதி.

விரல் சிரமத்துக்கு நிறம் கிடையாது. கிளாரினெட்டில் தாளின் நடுக்கோட்டில் உட்காரும் பி ஸ்வரம் ஒரு எல்லைக்கோடு. அதற்குக் கீழே இருக்கும் ஏ ஸ்வரத்துக்குக் கிட்டத்தட்ட எல்லா விரலும் கருவியை விட்டு எழுந்திருக்கும். அடுத்த பி-க்கு ஏறக்குறைய எல்லாத் துளையையும் மூடி, மேல் ஸ்வரங்களுக்குத் தாவ உதவும் ரெஜிஸ்டர் கீயையும் அழுத்த வேண்டும். ஒரு மெட்டு ஏ, பி, ஏ, பி என்று அங்கேயே வேகமாகச் சுற்றினால் எவ்வளவு தேர்ந்தவருக்கும் கஷ்டம்தான். அதே மெட்டை இரண்டு அரை ஸ்வரம் கீழே இறக்கினால் ஜி, ஏ என்று சுலபமாகப் போகும். எல்லை மீறாததால் திரையில் இரண்டுமே ஒரே கறுப்பில் இருக்கும். அதனால் புதுத்தாள் தயாரானதும் வாசிப்பவர் கையில் கொடுத்து, அவர் உதட்டில் வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்க்கும்வரை நான் அதை முடிந்ததாகக் கருத மாட்டேன்.

டிரான்ஸ்போஸ் பெட்டியில் ஸ்கேல் பெயரைச் சொல்லியும் மாற்றலாம், இத்தனை இடைவெளி என்று சொல்லியும் மாற்றலாம். நான் ஸ்கேல் பெயரையே தேர்ந்தெடுக்கிறேன். குழுவில் நாம் எல்லோரும் இரண்டரைக் கட்டையை டி ஷார்ப் என்கிறோம். கீபோர்டில் அது சரி. தாளில் மேஜருக்கு டி ஷார்ப் என்று போனால் ஷார்ப்பும் இரட்டை ஷார்ப்பும் குவியும், இ ஃபிளாட் என்றால் மூன்று ஃபிளாட்டோடு முடிந்துவிடும். நாலரைக் கட்டையும் அப்படித்தான். ஜி ஃபிளாட் என்று வைத்தால் டிரம்பெட் தாள் ஏ ஃபிளாட்டில் நாலு ஃபிளாட்டோடு வரும், வாசிக்கலாம். கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு) பெயர்களையும் சேர்த்து மாற்றச் சொல்லும் கட்டம் அதே பெட்டியில் இருக்கிறது. அதில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஸ்வரம் ஒரு ஸ்கேலிலும் கார்டு வேறு ஸ்கேலிலும் நிற்கும்.

கீபோர்டின் டிரான்ஸ்போஸ் பொத்தானைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கல்யாண வரவேற்பில் மைக் முன்னால் நின்றுகொண்டு “தொண்டை சரியில்லை, அரைக் கட்டை இறக்குங்க” என்று பாடகர் சொன்னால் அதைவிட்டால் வேறு வழியில்லை. அதற்காகவே, அடிக்கடி கட்டை மாறும் பாடல்களுக்கு இரண்டு ஸ்கேலில் தாள் எடுத்து ஊதுகருவிக்காரர்களின் டேப்லெட்டில் பிடிஎஃப்பாகப் போட்டு வைத்திருக்கிறேன்.

நாகஸ்வரம் சேர்ந்தால் கணக்கு தலைகீழ். அதன் ஆதார சுருதி கருவியின் நீளத்தோடு கட்டுப்பட்டது, நம் இஷ்டத்துக்கு மாறாது. அம்மாபேட்டைப் பக்கம் ஒரு கோயில் விழாவில் எங்களோடு வாசித்தவர் இரண்டரைக் கட்டைக் கருவியோடு வந்தார். அவர் பிடித்த சுருதிக்கு மற்ற எல்லோரும் மாறினோம், அதுதான் முறை. கமகத்தைத் தாளில் எழுத முயலவும் இல்லை. அவர் பகுதிக்கு ராகத்தின் பெயரும் எத்தனை ஆவர்த்தனம் என்பதும் மட்டும் போட்டேன்.

எந்த மென்பொருளும் தீர்க்காத ஒன்று ஏற்காட்டில் இருக்கிறது. டிசம்பரில் அங்கே ஒரு தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் பாடல் குழுவுக்கு வாசிக்கப் போகிறோம். சுமார் 1,500 மீட்டர் உயரம், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, வண்டியை விட்டு இறங்கும்போதே கருவியெல்லாம் சில்லிட்டிருக்கும். குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறையும், ஒரு டிகிரிக்கு, வினாடிக்குச் சுமார் 0.6 மீட்டர். அதனால் ஊதுகருவியின் சுருதி இறங்கும். உள்ளே இருக்கும் காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய 3 சென்ட் என்று வைத்துக்கொள்ளலாம், 100 சென்ட் சேர்ந்தால் ஒரு அரை ஸ்வரம். கீபோர்டோ ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ் என்ற கணக்கிலேயே நிற்கும். சேலத்தின் சித்திரை வெயிலில் சுருதி ஏறினால் கிளாரினெட்டின் பேரலை (ஊதும் முனைக்கு அடுத்த குழாய்த்துண்டு) கொஞ்சம் வெளியே இழுத்தால் போதும். மலையில் இறங்கிய சுருதியை ஏற்ற, முழுக்க உள்ளே தள்ளிய பேரலை அதற்குமேல் எங்கே தள்ளுவது? டிரான்ஸ்போஸ் அரை ஸ்வரமாகத்தான் நகரும், இங்கே தேவைப்படுவது அதில் ஒரு துளி. ஆகவே முதலில் கருவியை நன்றாக ஊதிச் சூடேற்றச் சொல்வேன், பிறகும் தாழ்ந்தே இருந்தால் கீபோர்டின் மாஸ்டர் டியூனிங்கை 438 வரை இறக்குவேன். அது கிட்டத்தட்ட 8 சென்ட். பாடுகிறவர்களுக்கு அது தெரிவதுகூட இல்லை, டிரம்பெட்டும் கிளாரினெட்டும் ஆர்கன் ஒலியோடு உறுத்தாமல் சேர்ந்துவிடும்.

புதிதாகப் போடுபவர்கள் மென்பொருளை மியூஸ்ஸ்கோர் டாட் ஆர்கிலிருந்து இறக்குங்கள், முழுக்க இலவசம், ஓப்பன் சோர்ஸ். டாட் காம் என்பது நோட்ஸ் பகிரும் தளம், அங்கே பல பாடல்களை இறக்கச் சந்தா கேட்கும். 2022 டிசம்பரில் வந்த நான்காம் பதிப்பில் எழுதியதை வாசித்துக் காட்டும் மியூஸ் சவுண்ட்ஸ் ஒலிகள் அருமை, ஆனால் கோப்புகள் பெரியவை. பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் அதை விட்டுவிட்டு அடிப்படை ஒலியோடு நிறுத்திக்கொண்டாலும் ஸ்கேல் மாற்றும் வேலையில் ஒரு குறையும் வராது. நான்காம் பதிப்பில் சேமித்த கோப்பு மூன்றாம் பதிப்பில் திறக்காது. குழுவில் இன்னொருவர் பழைய பதிப்பு வைத்திருந்தால் மியூசிக்எக்ஸ்எம்எல் என்ற பொதுக் கோப்பு வடிவத்துக்கு மாற்றி அனுப்புங்கள்.