பழுதா, பாழா?

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணித் தண்ணி எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு நின்றது. வடிந்த பிறகு மெக்கானிக் தம்பி வந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, கிரைண்டர் பழுதுதான், காயில் மாத்திட்டா ஓடும், ஃபிரிட்ஜ் பாழாப் போச்சு" என்றான். இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

பழுது என்றால் குறை, அவ்வளவுதான். அதைப் பார்க்கலாம், நீக்கலாம். 'பழுது பார்ப்பது' என்று ஒரு தொழிலே இருக்கிறது. பாழுக்கு அது கிடையாது, 'இங்கு பாழ் பார்க்கப்படும்' என்று பாளையங்கோட்டையில் எந்தக் கடையிலும் போர்டு கண்டதில்லை. பாழில் இருப்பது வெறுமை: பாழ்நிலம், பாழுங்கிணறு, பாழடைந்த வீடு எல்லாமே ஆளும் பயனும் இல்லாமல் போனவை. அதனால் பணம், நேரம், பிள்ளையின் படிப்பு என எதோடும் பாழ் ஒட்டும். 'படிப்பு பழுதாச்சு' என்று யாராவது சொல்வார்களா?

வண்டி என்றால் மட்டும் கணக்கு வேறு. சரிசெய்யும் செலவு பாலிசியில் போட்ட மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காப்பீட்டுக்காரர்கள் 'டோட்டல் லாஸ்' என்பார்கள், அதாவது மெக்கானிக்குக்குப் பழுதாகத் தெரிவது அவர்களுக்குப் பாழ். என் பைக் தப்பித்தது. ஃபிரிட்ஜை எடைக்குப் போட்டாச்சு.