பேக்-டு-பேக் பாக்குலோவைரஸ் தொகுப்பு: ஹீமாக்ளூட்டினின் தயாரித்த அனுபவம்

இன்ஃப்ளுயன்சா வைரஸின் மேற்பரப்புப் புரதமான ஹீமாக்ளூட்டினினை ஈ.கோலை பாக்டீரியாவில் உருவாக்கப் பலமுறை முயன்று, ஒவ்வொரு முறையும் கரையாத திரளே கிடைத்ததால்தான், பூச்சிகளைத் தாக்கும் பாக்குலோவைரஸின் வழியாகப் பூச்சிச் செல்களில் புரதம் தயாரிக்க உதவும் இந்தத் தொகுப்பை எங்கள் ஆய்வகம் வாங்கியது. இந்தப் புரதம் சரியாக மடிவதற்குச் சர்க்கரைப் பிணைப்பும் டைசல்ஃபைடு பிணைப்புகளும் தேவை. இரண்டையும் பூச்சிச் செல்கள் இயல்பாகவே செய்துவிடுகின்றன. நாங்கள் வளர்க்கும் எஸ்எஃப்9 செல்கள், 2018-இல் இந்தியாவுக்குள் நுழைந்து மக்காச்சோள விவசாயிகளைக் கலங்கடித்த அதே படைப்புழுவின் கூட்டுப்புழுச் சினைப்பைத் திசுவிலிருந்து வந்தவை. அவற்றுக்கு 27 டிகிரி வெப்பமும் ஒரு ஷேக்கரும் போதும், கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர் தேவையில்லை என்பது சிறிய ஆய்வகங்களுக்குப் பெரிய நிம்மதி.

தொகுப்பின் உயிர்நாடி டிஎச்10பேக் பாக்டீரியாதான். நம் மரபணு, டிஎன்7 என்ற தாவும் டிஎன்ஏ துண்டின் இடமாற்றத்தின் வழியாக, அந்தப் பாக்டீரியாவுக்குள் இருக்கும் பாக்குலோவைரஸ் மரபுத்தொகுதிக்குள் சென்று அமர்ந்தால் காலனி வெள்ளையாகவும், அமராவிட்டால் நீலமாகவும் தெரியும். இங்கே பொறுமை மிக அவசியம்: 24 மணி நேரத்தில் வெள்ளையாகத் தெரிந்தவற்றுள் சில, 48 மணி நேரத்தில் மெல்ல நீலம் பாய்ந்ததைத் தட்டிலேயே பார்த்தோம். அதன்பின் பெரிய வெள்ளைக் காலனிகளை மட்டும் எடுத்து, மீண்டும் கீறி வளர்த்து, பிசிஆரில் உறுதிசெய்த பிறகே அவற்றிலிருந்து பிரித்த வைரஸ் டிஎன்ஏவைப் பூச்சிச் செல்களுக்குள் செலுத்துகிறோம்.

தொற்றிய செல்கள் பருத்து, உட்கரு செல்லையே நிரப்பி, பிரிவதை நிறுத்திவிடுவதை நுண்ணோக்கியில் காணும்போது வேலை சரியாக நடக்கிறது என்ற நம்பிக்கை வரும். சவ்வில் பதியும் பகுதியை நீக்கி, மூன்று மூன்றாக இணையும் வகையில் வடிவமைத்த எங்கள் புரதம், சுமார் 72 மணி நேரத்தில் ஊடகத்திலேயே கரைந்து கிடைத்தது.

சிக்கல் சுத்திகரிப்பில் வந்தது. பூச்சிச் செல் ஊடகத்தை நேரடியாக, நம் புரதத்தைப் பிடித்துப் பிரிக்கும் நிக்கல் ரெசினில் ஊற்றியபோது, ஊடகத்தின் சேர்மங்கள் நிக்கலைப் பிடுங்கிக்கொள்ள, ரெசினின் நீல நிறம் கண்ணெதிரே வெளுத்து, புரதத்தின் பெரும்பகுதி ஒட்டாமல் ஓடிப்போனது. அது எங்கள் தவறு. புரதத்தை ஊடகத்திலிருந்து பஃபர் கரைசலுக்கு மாற்றிய பிறகு ஊற்றியதில் அந்தத் தொல்லை தீர்ந்தது. சேமித்து வைத்த வைரஸ் கரைசலைத் திரும்பத் திரும்பப் பெருக்கினால் குறையுள்ள வைரஸ்கள் மிகுந்து விளைச்சல் சரியும் என்பதால், முதல் பெருக்கத்தைத் தனியே சேமித்து வைப்பது நல்லது.

பூச்சிச் செல்கள் இணைக்கும் சர்க்கரைகள் மனிதச் செல்களுடையவற்றைவிடக் குட்டையானவை. நுனியில் பெரும்பாலும் சயாலிக் அமிலம் இராது. சர்க்கரையின் வடிவத்தையே நம்பியிருக்கும் ஆன்டிபாடிகளை ஆராய்பவர்கள் பாலூட்டிச் செல்களை நாடுவதே சரி. ஹீமாக்ளூட்டினினுக்கு அந்தத் தயக்கம் வேண்டாம்; பூச்சிச் செல்களில் தயாரான அதே புரதத்தைக் கொண்ட ஃப்ளூபிளாக் தடுப்பூசிக்கு அமெரிக்கா 2013-இலேயே ஒப்புதல் அளித்துவிட்டது.