குளிர்பெட்டியில் பாதாம் மாவு: புக்கிட் தீமா பக்கம் ஓர் இயற்கை உணவுக் கடையில் எதை வாங்கலாம், எதை விடலாம்

இந்தக் கடையில் எனக்கு முதலில் பிடித்தது அதன் குளிர்பெட்டி. பாதாம் மாவு, பொடித்த ஆளிவிதை, வால்நட் பருப்பு ஆகியவற்றைப் பாலும் தயிரும் இருக்கும் பெட்டியிலேயே வைத்திருக்கிறார்கள். எண்ணெய்ச்சத்து நிறைந்த மாவு நம் சிங்கப்பூர் வெக்கையில் அலமாரியில் கிடந்தால் சீக்கிரமே காறல் வாடை பிடித்துவிடும். அப்படிப்பட்ட மாவில் எதைச் சுட்டாலும் கடைசியில் நாக்கில் ஒரு கசப்புத் தங்கும். சீரகமும் மிளகும் அள்ளிப் போட்டாலும் அதை மறைக்க முடியாது. இந்தக் கடையில் வாங்கிய பாதாம் மாவு ஒருமுறைகூட அப்படி இருந்ததில்லை. விலை அதிகம்தான். அரைக் கிலோ இருபது வெள்ளியை ஒட்டி வருகிறது. அந்த விலைக்குக் காரணம் இருக்கிறது என்று நான் ஒப்புக்கொள்ளும் சில பொருள்களில் இதுவும் ஒன்று. மற்றப் பலவற்றின் விலைக்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் நிறையும் குறையும் அந்த வட்டாரத்தில் உள்ள இதே மாதிரிக் கடைகள் பலவற்றுக்கும் பொருந்தும்.

என் கணவருக்குப் பல ஆண்டுகளாக நீரிழிவு இருக்கிறது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நீரிழிவின்மீது போர் தொடுப்பதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தது. அடுத்த ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங், 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு இந்த நோய் இருப்பதாகச் சொன்னார். எங்கள் வீட்டுச் சோபாவில் அன்று உட்கார்ந்து கேட்டவர்களை எண்ணிப் பார்த்தாலே கணக்குச் சரியாக வந்தது.

பலதுறை மருந்தகத்தில் உணவு ஆலோசகர் எங்களுக்குக் காட்டியது, சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் அந்தத் தட்டுப் படம்: பாதித் தட்டு காய்கறியும் பழமும், கால் தட்டு மீன், இறைச்சி, பருப்பு போன்றவை, மீதிக் கால் தட்டு முழுத்தானியம். எங்கள் வீட்டுத் தட்டில் அந்தக் கால் பங்கு சோறு என்றைக்குமே முக்கால் பங்காகத்தான் இருந்தது. வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்). சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, தயிருக்கு ஒரு முறை என்று வாங்கிச் சாப்பிடுபவருக்கு 300 கிராம் சோறு சுலபமாக இறங்கிவிடும். மருத்துவரிடம் கேட்டு, மாத்திரை அளவையும் அவரிடம் பேசிக்கொண்டுதான் இரவுச் சாப்பாட்டில் சோற்றை நிறுத்தினோம். இதை எல்லாரும் முதலில் செய்ய வேண்டும். இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் திடீரென்று மாவுச்சத்தைக் குறைத்தால், சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரலாம்.

சோற்றை நிறுத்தினால் அந்த இடத்தில் எதை வைப்பது என்று தேடித்தான் இந்தக் கடைக்குப் போனேன்.

டௌன்டவுன் ரயிலில் போகலாம். நடைபாதை அகலம், வெளிச்சம் அதிகம், கூடைகூடப் பிரம்பில் பின்னியது. நுழைந்தவுடன் காய்கறிப் பகுதி வருகிறது. அங்கே நான் நிற்பதே இல்லை. முருங்கைக்கீரையை ஒரு கைப்பிடி எடுத்து நெகிழிப் பெட்டியில் வைத்து அவர்கள் கேட்கும் விலையில், தேக்கா சந்தையில் நான்கைந்து கட்டு வாங்கிவிடலாம், அதுவும் காலையில் வந்து இறங்கிய கீரையாக.

அதைத் தாண்டினால், குறைந்த மாவுச்சத்து உணவு என்று தனியாக ஓர் அலமாரி. என் குறையெல்லாம் இந்த அலமாரியில்தான். ஆர்கானிக், இயற்கை, சுத்திகரிக்காதது என்ற சொற்களும் மாவுச்சத்துக் குறைவு என்ற சொல்லும் அங்கே ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. பேரீச்சம்பழம் சேர்த்த தானியக் கலவையை அந்த அலமாரியில் வைத்திருந்தார்கள். உலர்ந்த பேரீச்சம்பழத்தில் 100 கிராமுக்கு 75 கிராம் அளவுக்கு மாவுச்சத்து, அதிலும் பெரும்பகுதி சர்க்கரை. பக்கத்திலேயே தென்னஞ்சர்க்கரை. அதுவும் பெரும்பாலும் நாம் தேநீரில் போடும் சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். இன்னொரு தட்டில் கின்வா, தினை, ஆர்கானிக் சிவப்பரிசி. இவையெல்லாம் நல்ல தானியங்கள், நார்ச்சத்தும் உண்டு. ஆனாலும் சமைக்காத நிலையில் 100 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்து உள்ள எதையும் குறைந்த மாவுச்சத்து உணவு என்று ஒரு நீரிழிவு நோயாளியின் கையில் கொடுக்கக் கூடாது. பூச்சிமருந்து தெளிக்காமல் விளைந்த அரிசியானாலும் உடம்புக்குள் போனால் சர்க்கரையாகத்தான் மாறும். நம் சமூகத்துப் பெரியவர்கள் பலர், "தினைதானே, எவ்வளவு சாப்பிட்டாலும் ஒன்றும் செய்யாது" என்று நம்பி இரண்டு தட்டுச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். கடைக்காரர்கள் அந்த நம்பிக்கைக்கு மேலும் துணைபோவது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது.

ஆகவே அலமாரியில் என்ன எழுதி ஒட்டியிருக்கிறது என்பதைப் பார்க்காதீர்கள், பொட்டலத்தின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. இந்தக் கடைகளுக்குச் சரக்கு அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வருகிறது. அமெரிக்கப் பொட்டலத்தில் கார்போஹைட்ரேட் என்று போட்டிருக்கும் எண்ணுக்குள் நார்ச்சத்தும் அடக்கம். அதைக் கழித்தால்தான் சர்க்கரையாக மாறக்கூடிய மாவுச்சத்து கிடைக்கும். உதாரணமாக, அமெரிக்கப் பாதாம் மாவில் 28 கிராமுக்கு மாவுச்சத்து 6, நார்ச்சத்து 3 என்று இருந்தால், கணக்கில் வைக்க வேண்டியது 3 கிராம். ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ், ஐரோப்பியப் பொட்டலங்களில் பொதுவாக நார்ச்சத்தைத் தனியாகப் பிரித்துவிட்டுத்தான் மாவுச்சத்தைப் போடுகிறார்கள். அங்கே மறுபடியும் கழித்தால் இல்லாத லாபத்தைக் காட்டும். விதை ரொட்டி ஒன்றை எடுத்துப் பார்த்தேன்: மாவுச்சத்து 6, நார்ச்சத்து 12. ஆறிலிருந்து பன்னிரண்டை எப்படிக் கழிப்பது? அந்த ரொட்டி ஆஸ்திரேலியாவில் செய்தது. எந்த நாட்டுச் சரக்கு என்று பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். ஒரு பரிமாறலுக்கு என்று எழுதியிருந்தால் அது எத்தனை கிராம் என்றும் பாருங்கள். 30 கிராமுக்குப் போட்ட எண்ணையும் 100 கிராமுக்குப் போட்ட எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துதான் போவோம்.

இந்த விஷயத்தில் கடை ஊழியர்களைப் பாராட்ட வேண்டும். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தபோது, மலாய்க்காரத் தம்பி ஒருவர் எழுத்து மிகச் சிறியதாக இருந்த பெட்டியை வாங்கி, கைத்தொலைபேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிக் காட்டினார். தன் பாட்டிக்கும் இதே நோய்தான் என்றார். அவசரப்படுத்தவில்லை, எதையும் தலையில் கட்டவும் பார்க்கவில்லை.

சீனி சேர்க்காத சாக்லேட் என்று விற்பதில் மட்டும் தனிக் கவனம் வேண்டும். சேர்மானத்தில் மால்டிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் நான் திருப்பி வைத்துவிடுவேன். சீனி அளவுக்கு இல்லாவிட்டாலும் அது இரத்தச் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும், கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டால் வயிற்றையும் கலக்கும். எரித்ரிட்டால் என்ற இன்னோர் இனிப்பூட்டி அப்படி ஏற்றுவதில்லை. ஆனால் 2023இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஓர் ஆய்வு, இரத்தத்தில் அது அதிகமாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததாகக் கண்டது. அதுதான் காரணம் என்று நிறுவிவிடவில்லை என்றாலும், தினமும் அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தீபாவளிக்குப் பாதாம் கேக் செய்யும்போது மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன். நாக்கில் ஒரு குளிர்ச்சி தெரியும், ஆறினால் சிறு படிகமாக இறுகும், அவ்வளவுதான்.

பால் வகைகளில் ஓட்ஸ் பாலுக்கு அங்கே பெரிய இடம். ஓட்ஸிலுள்ள மாவுச்சத்தை நொதி கொண்டு உடைத்துத்தான் அந்த இனிப்பு வருகிறது. சீனி சேர்க்காத பாதாம் பால் எங்களுக்குப் பொருந்துகிறது. 2022 டிசம்பர் 30 முதல் சிங்கப்பூரில் பொட்டலப் பானங்களுக்கு ஏ முதல் டி வரை எழுத்திடும் நியூட்ரி-கிரேட் தரம் வந்துவிட்டது. சி, டி தரப் பானங்கள் அந்த எழுத்தை முகப்பில் காட்டியே ஆக வேண்டும். அது எங்களுக்கு மிகப் பெரிய உதவி. ஆனாலும் அது சீனியையும் நிறைவுற்ற கொழுப்பையும்தான் அளக்கிறது, மாவுச்சத்தை அளப்பதில்லை.

இப்போது அந்தப் பாதாம் மாவுக்கு வருகிறேன். அதில் தோசை வருமா என்று பலர் கேட்கிறார்கள். தனியாக வராது. அரிசியில் உள்ள ஒட்டும் தன்மை அதில் இல்லாததால் கல்லிலேயே உடைந்துவிடும். ஊறவைத்து அரைத்த உளுந்து மாவு ஒரு பங்கு, பாதாம் மாவு இரண்டு பங்கு, ஒரு தேக்கரண்டி இசப்கோல் (நார்ச்சத்து மிகுந்த ஒரு விதையின் உமி) சேர்த்துக் கரைத்துக் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். இசப்கோல் தண்ணீரை இழுத்துக் கூழாகிப் பிடிப்புக் கொடுக்கும். பிறகு கரண்டியால் பெரிதாக இழுக்காமல் உள்ளங்கை அகலத்துக்கு ஊற்றி, குறைந்த தீயில் மூடி வைக்க வேண்டும். ஓரம் பழுப்பேறித் தானாகக் கல்லை விட்டுக் கிளம்பும்வரை திருப்பக் கூடாது. சிறு தோசைகள் மூன்று, தேங்காய்ச் சட்னி, ஒரு கிண்ணம் கீரை மசியல் இருந்தால் என் கணவருக்கு இரவு போதும். பாதாமில் பாதிக்குப் பாதி கொழுப்பு இருப்பதால் வயிறு நிறைந்துவிடுகிறது. அத்தைக்கு மட்டும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. "மொறுமொறுப்பு இல்லாததைத் தோசை என்று சொல்லாதே, அடை என்று சொல், சாப்பிடுகிறேன்" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது அடை.

அந்த இசப்கோலை இந்தக் கடையில் வாங்காதீர்கள். அழகான சீசாவில் போட்டு, நம் மருந்துக்கடையில் கேட்பதைப்போலப் பல மடங்கு கேட்கிறார்கள். சையது ஆல்வி சாலையில் முஸ்தபா பேரங்காடியில் அட்டைப்பெட்டியில் கிடைக்கும் இசப்கோலும் அதே உமிதான். சப்ஜா விதையும் ஆளிவிதையும் அங்கேயே இருக்கின்றன. ஆளிவிதையை முழுதாக வாங்கி வீட்டில் வேண்டும்போது பொடித்துக்கொண்டால் காறல் பயமும் இல்லை. புக்கிட் தீமாவிலிருந்து அதே ரயில் பாதையில் வந்தால் லிட்டில் இந்தியா நிலையம். இறங்கினால் பஃபலோ சாலைக் காய்கறிக் கடைகளும் தேக்கா சந்தையும் பக்கத்திலேயே. நான் ஒரே நடையில் இரண்டையும் முடித்துக்கொள்கிறேன்.

உறையவைத்த காலிஃபிளவர் "சோறு" இந்தக் கடையில் சிறு பையாகக் கிடைக்கிறது. உருகும்போது தண்ணீர் விட்டு நொசநொசவென்று ஆகிவிடுகிறது. தேக்காவில் வெள்ளையாக, இறுக்கமாக உள்ள ஒரு பூ வாங்கித் துருவுங்கள். அகலமான வாணலியில் கடுகு, உளுந்து, பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, துருவலைப் போட்டு, மூடாமல் பெருந்தீயில் பிரட்டுங்கள். தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம், உப்பை இறக்கும்போதுதான் போட வேண்டும். எலுமிச்சை பிழிந்தால் ருசி நன்றாகவே இருக்கும். 100 கிராமில் மாவுச்சத்து 5 கிராம்தான், அதிலும் 2 கிராம் நார். கொன்யாக்கு என்ற கிழங்கின் மாவில் செய்யும் நூடல்ஸுக்கும் இந்தக் கடை தேவையில்லை. சாதாரணப் பேரங்காடியில் குளிர்ப்பகுதியில் விலை குறைவாக இருக்கிறது. தண்ணீரில் நன்றாக அலசி, வெறும் வாணலியில் வறட்டினால் அந்த மீன் வாடை போய்விடும்.

விதை ரொட்டியை மட்டும் தயங்காமல் வாங்குங்கள். நம் பக்கத்துக் கடைகளில் அதற்கு ஈடாக ஒன்று இன்னும் என் கண்ணில் படவில்லை. கனமான ரொட்டி, மெல்லிய துண்டு ஒன்றே பசி ஆற்றும். வாட்டிய துண்டின்மீது வெண்ணெய் தடவி முட்டையை வைத்து, சீனி போடாத கோப்பியோடு கொடுத்தால் என் கணவர் காலைப் புரோட்டாவைக் கேட்பதில்லை. அவர் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்க்கும் அளவும் எங்களுக்கு நிம்மதி தருகிறது. கொழுப்பு நீக்காத கெட்டித் தயிரும் நன்றாக இருக்கிறது. பழம் கலந்த தயிரைத் தொடாதீர்கள்.

பேரீச்சம்பழக் கலவையை அந்த அலமாரியிலிருந்து எடுக்கச் சொல்லி மேலாளரிடம் பேசினேன். குறித்துக்கொண்டார். அடுத்த முறை போனபோதும் அதே இடத்தில்தான் இருந்தது, மறுபடியும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இன்னும் சிலர் சொன்னால் எடுப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பாதாம் மாவுக்காக மட்டும் போகிறவர்கள் வார இறுதி மாலையைத் தவிர்ப்பது நல்லது. அரைக் கிலோப் பைகள் அதற்குள் தீர்ந்துவிடுகின்றன. மிஞ்சுவது சிறு பைகள்தான், எடைக்குக் கணக்குப் பார்த்தால் அவற்றின் விலை இன்னும் கூடுதல். வாங்கியதும் வீட்டுக்கு நேராக வந்துவிடுங்கள், தேக்காவைச் சுற்றிவிட்டு வருவதாக இருந்தால் ஒரு குளிர்ப்பையைக் கையோடு கொண்டுபோங்கள்.